கண் கெட்ட பிறகும் வெளிச்சம்

அந்த ஓட்டலின் பின்பக்கம், லாரிகள் வந்து நிற்கும் இடத்தை ஒட்டிச் சலவைப் பிரிவு இருந்தது. மேலே இருக்கும் அத்தனை அறைகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் தினமும் அழுக்காக அங்கே வந்து இறங்கும். வெளுத்துக் காய்ந்து அடுக்காக மேலே ஏறும். அந்த அடுக்குக்குப் பொறுப்பானவளை எல்லோரும் மடிப்பக்கா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

பார்வையற்றவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். சேர்த்தபோது ஏதோ தருமத்துக்குச் சேர்த்தோம் என்றுதான் நிர்வாகம் நினைத்தது. ஆனால் விரிப்பை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து அவள் இழுக்கும்போது, எந்த இடத்தில் நூல் நைந்திருக்கிறது, எந்த மடிப்பில் தையல் விட்டிருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். கறை மட்டும் தெரியாது. அதைப் பார்த்து ஒதுக்குவது பக்கத்தில் நிற்கும் மெஷினம்மாவின் வேலை. மெஷினம்மா என்றால், ஈரவிரிப்பை ஒருபக்கம் விழுங்கி மறுபக்கம் கொதிக்கக் கொதிக்கத் தள்ளும் பெரிய உருளை இயந்திரத்தை ஓட்டுகிறவள். வாய் அந்த இயந்திரத்தைவிடப் பெரிது.

மடிப்பக்கா பிறவியிலேயே பார்வை இல்லாதவள் அல்ல. சின்ன வயதில் பொழுது சாய்ந்தால் மட்டும் தடுமாறுவாள். வாசற்படி இடறும், தண்ணீர்ச் சொம்பு உருளும். "புத்தி எங்க இருக்குது?" என்று அப்பா திட்டுவார். புத்தி இருக்கிற இடத்தில்தான் இருந்தது. கண்தான் மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. பிறகு பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியாமல் போனார்கள். குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் உலகம் மிஞ்சியது. இருபது வயது தாண்டியதும் அந்தக் குழாயின் வாயும் அடைந்துவிட்டது. "கடைசியா என்ன பார்த்தே?" என்று கேட்பவர்களுக்கு அவள் வைத்திருந்த பதில் ஒன்றுதான். "அதுதான் கடைசின்னு யாராவது சொல்லியிருந்தா உத்துப் பார்த்து வெச்சிருப்பேனே!"

கல்யாணம் நடந்தது ஒரு லிப்டால். அரசு அலுவலகம் ஒன்றில் சான்றிதழ் வாங்கப் போனபோது, இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிப்ட் நின்று விளக்கும் போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் போட்ட கூச்சலில் காது கிழிந்தது. கதவை நெம்பித் திறந்த மெக்கானிக்கின் காதில் முதலில் விழுந்தது ஒரு பெண்ணின் சலிப்பான குரல். "எதுக்கு இப்படிக் கத்துறீங்க? நான் பல வருஷமா இப்படித்தான் இருக்கேன். ஒண்ணும் ஆயிடல." மெக்கானிக் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த வருடம் அவர்தான் மாப்பிள்ளை.

தலைவலி வந்து சேர்ந்தது முப்பதைத் தாண்டிய பிறகு. சாதாரணத் தலைவலி இல்லை. ஒரு பக்கம் மட்டும், கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவது போல. வயிறு புரட்டும். சத்தம் ஆகாது. எல்லாவற்றையும்விட, வெளிச்சம் ஆகாது.

இதை அவள் வெகு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே அது புரியவில்லை. நல்ல நாட்களில் ஜன்னல் எது, சுவர் எது என்று அவளுக்குத் துளியும் தெரியாது. தலைவலி வந்த நாளில் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் வலி ஏறும். திரும்பிக்கொண்டால் கொஞ்சம் இறங்கும். வெளிச்சம் தெரிந்தது என்று சொல்ல முடியாது. நெற்றியில் யாரோ பாரத்தை ஏற்றி இறக்குவது போல இருந்தது, அவ்வளவுதான்.

மடிக்கும் மேசை கிழக்கு ஜன்னலோரம். காலை வெயில் நேராக அதன் மேல்தான் விழும். "இந்தச் சூட்டுல எவ நிப்பா?" என்று மற்றவர்கள் விட்ட இடம் அது. வலி வந்தால் மெஷினம்மாவிடம், "அந்தத் திரையக் கொஞ்சம் இழுத்து விடுங்களேன்" என்பாள். பொறுக்க முடியாமல் போனால், துண்டு அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் போய் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். மெஷினம்மா அதைப் பெரிதாக யோசித்ததில்லை. தலைவலி என்றால் இருட்டில் உட்காருவது உலக வழக்கம். கண் தெரிகிறவர், தெரியாதவர் என்றெல்லாம் அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்த்தவர் புதிதாக வந்த சூப்பர்வைசர்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. முன்பு வேலை பார்த்த இடத்தில், போலிச் சான்றிதழ் கொடுத்து ஒருவன் பார்வையற்றோர் இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவனால் வேலை கிடைக்காமல் போன உண்மையான பார்வையற்ற ஒருவர், இவர் மேசைக்கு முன்னால் வந்து நின்று அழுதிருக்கிறார். அந்த அழுகை இவர் மனதிலேயே தங்கிவிட்டது. சூடு கண்ட பூனை. மடிப்பக்கா திரையை இழுக்கச் சொன்னதை ஒரு நாள் கேட்டார். இன்னொரு நாளும் கேட்டார். மூன்றாவது தடவை, அவள் துண்டு அறைக்குள் இருட்டில் சாய்ந்திருந்தபோது, வெளி நடையில் இருந்த சுவிட்சைச் சத்தம் வராமல் மெதுவாக அழுத்தினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் புருவத்தைச் சுருக்கினாள். கையை எடுத்து நெற்றியில் வைத்தாள். "யாரு லைட்டப் போட்டது? தயவு செஞ்சு அணைங்க" என்றாள்.

அவர் அணைத்தார். வலி தணிந்து அவள் வெளியே வந்ததும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு எவ்வளவு தெரியும்?"

"எதைக் கேக்குறீங்க சார்?"

"பார்வையைத்தான் கேக்குறேன்."

"ஒண்ணும் தெரியாது சார்."

"அப்ப நான் லைட்டுப் போட்டது எப்படித் தெரிஞ்சது?"

"தெரியல சார். வலிச்சது."

"கண்ணு தெரியாதவங்களுக்கு வெளிச்சம் வலிக்குமா?"

அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். வேறொருவர் வாயில் அது குற்றச்சாட்டாக மாறும் என்று மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை.

சூப்பர்வைசர் குரலை உயர்த்தவில்லை. "மறுபடியும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில பரிசோதனை பண்ணிக்குங்க. ஏற்பாடு நான் பண்றேன். உண்மைன்னா உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே" என்றார்.

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. சாயங்காலத்துக்குள் சலவைப் பிரிவு முழுவதும் பேச்சு பரவிவிட்டது. மறுநாள் அவள் வழக்கமாக நடக்கும் பாதையில் யாரோ ஒரு தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தி வைத்தார்கள். பார்வை இருந்தால் நிற்பாள் அல்லவா? அவள் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே நன்றாக இடித்துக்கொண்டு துண்டுக் குவியலின் மேல் விழுந்தாள். "நடிப்பு பிரமாதம்" என்று ஒரு குரல் சொன்னது.

மெஷினம்மா உருளையை நிறுத்தினாள். அந்த இயந்திரம் வேலை நேரத்தில் நின்றதே இல்லை. அதனால் அந்த அமைதியே எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

"எவன்டா அது? நடிக்கிறவளுக்குக் கால்ல ரத்தம் வருமா? வாடா இங்க, உன் கையை இந்த உருளைக்குள்ள விட்டு எடு. வலிச்சா நடிப்புன்னு நானும் சொல்றேன்!"

ஒருவரும் வரவில்லை. ஆனால் மடிப்பக்காவைச் சுட்டது அந்தக் குரல் சொன்னது அல்ல. விழுந்து எழுந்தபோது அவளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது: 'நல்ல வேளை, இடிச்சிக்கிட்டேன்.' தன்னைத் தானே குருடு என்று நிரூபித்துக் காட்டுவதில் சந்தோஷப்படும் நிலைக்கு வந்துவிட்டோமே என்பதுதான் அவளைச் சுட்டது.

வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லிப்ட் மெக்கானிக் பேச்சுக்குப் பேச்சு கேலி பண்ணுகிறவர். அன்று கேலி எதுவும் வரவில்லை. காயத்துக்கு மருந்து போட்டுவிட்டார். பிறகு அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தில் லேசாகக் காற்று அடித்தது. இப்படி, அப்படி.

"ஏங்க, கையை ஆட்டாதீங்க. காத்து அடிக்குது."

காற்று நின்றது.

"நீங்களுமா?" என்றாள்.

"ஐயோ, நீ நினைக்கிற மாதிரி இல்ல." அவர் குரல் உடைந்திருந்தது. "ஒரு நப்பாசை. வெளிச்சம் வலிக்குதுன்னு சொன்னியா... ஒருவேளை கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வருதோன்னு."

சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். ஆசைப்பட்டவரை என்ன செய்வது? அவர் கையைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "வரலங்க" என்றாள். "வந்தா உங்ககிட்டதான முதல்ல சொல்லுவேன். மூஞ்சி எப்படி இருக்குன்னு பார்த்துட்டு."

"அப்ப வராமலே இருக்கட்டும். கல்யாணமாவது நிலைக்கும்" என்றார் அவர்.

ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் மூன்று பேர் போனார்கள்: அவள், புருஷன், நிர்வாகத்தின் சார்பில் சூப்பர்வைசர். பஸ்ஸில் சூப்பர்வைசர் தள்ளி ஒரு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

கண் மருத்துவர் ஒரு பெண். வேகமாகப் பேசுகிறவர், பேசிக்கொண்டே ஏதாவது ஒரு பொருளைத் தட்டிவிட்டு, "சாரி, சாரி" என்று எடுத்து வைக்கிறவர். அவளுடைய பழைய சீட்டுகளையெல்லாம் பார்த்தார். கண்ணில் மெல்லிய இழை ஒன்றை வைத்து, மின்னல் மாதிரி வெளிச்சம் பாய்ச்சி, விழித்திரையில் கிளம்பும் மின்சாரத்தை அளந்தார். திரையில் மேடு பள்ளமாக ஓட வேண்டிய கோடு மேசையின் விளிம்பு மாதிரி நேராக ஓடியது.

"பார்வை இல்லை. சான்றிதழ் சரிதான்" என்றார் மருத்துவர்.

சூப்பர்வைசர் எழுந்து நின்றார். "மேடம், நான் பொய் சொல்லல. என் கண்ணால பார்த்தேன். லைட்டுப் போட்டேன்; இவங்களுக்குத் தெரிஞ்சது."

அந்த இடத்தில் இன்னொருவர் என்றால், கோடுதான் நேராக இருக்கிறதே என்று ஆளை அனுப்பியிருப்பார். இவர் பேனாவைக் கீழே வைத்தார். பேனா உருண்டு விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை.

"லைட்டுப் போட்ட உடனேயா, கொஞ்சம் கழிச்சா?"

சூப்பர்வைசர் யோசித்தார். "உடனே இல்ல. நான் போட்டுட்டு, ஒண்ணும் ஆகலையேன்னு அணைக்கப் போனேன். அப்பதான் கையத் தூக்கி நெத்தியில வெச்சாங்க."

"தலைவலி இருந்த நேரமா?"

"ஆமா."

மருத்துவர் மடிப்பக்காவின் பக்கம் திரும்பினார். "ஒத்தத் தலைவலியா? வாந்தி வர்ற மாதிரி இருக்குமா?"

"ஆமாங்க."

"வெளிச்சம் பட்டா ஏறுமா?"

அவள் தயங்கினாள். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த வார்த்தை. "ஏறும்" என்றாள். "ஆனா சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்."

"தெரியாதுதான்" என்றார் மருத்துவர். "இன்னும் ஒரு சோதனை பார்த்துடலாம். நீங்களும் வாங்க சார், வந்து இந்தத் திரையில பாருங்க."

அறையை இருட்டாக்கினார். மடிப்பக்காவின் ஒரு கண்ணுக்கு நேராக ஒரு சின்னக் கருவி; அவள் கண்மணி திரையில் பெரிதாக விழுந்தது. முதலில் ஒரு சிவப்பு வெளிச்சம் காட்டினார். கண்மணி அசையவில்லை. பிறகு பளீரென்ற நீல வெளிச்சம். அப்போதும் அசையவில்லை. சூப்பர்வைசர் மூச்சு விட்டார். "அவசரப்படாதீங்க" என்றார் மருத்துவர். நீல வெளிச்சத்தை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அப்புறம் அது நடந்தது. அகல விரிந்திருந்த கண்மணி மெல்ல, தூக்கக் கலக்கத்தில் யாரோ கதவைச் சாத்துவது மாதிரி, சுருங்கத் தொடங்கியது. சுருங்கி நின்றது. மருத்துவர் வெளிச்சத்தை அணைத்தார். கண்மணி உடனே விரியவில்லை. அணைந்த வெளிச்சத்தை இன்னும் நினைத்துக்கொண்டிருப்பது போலச் சுருங்கியே கிடந்தது.

"என்னங்க ஆச்சு? ஏன் எல்லாரும் சும்மா இருக்கீங்க?" என்று கேட்டாள் மடிப்பக்கா.

புருஷன்தான் பதில் சொன்னார். "உன் கண்ணு அசையுதுடி."

மருத்துவர் விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்தார்.

"கண்ணுக்குள்ள பின்னால விழித்திரைன்னு ஒரு மெல்லிய தோல் மாதிரி இருக்கு. அதுல வெளிச்சத்தப் பிடிக்கிற செல்லு ரெண்டு வகைதான்னு ரொம்ப காலம் எல்லாரும் நம்பிட்டிருந்தோம். ஒண்ணு குச்சி மாதிரி, மங்கல் வெளிச்சத்துக்கு. இன்னொண்ணு கூம்பு மாதிரி, பகலுக்கும் நிறத்துக்கும். உங்களுக்கு முதல்ல குச்சி போச்சு. அதான் சின்ன வயசுல சாயங்காலமானா தடுமாறியிருக்கீங்க. அப்புறம் கூம்பும் போச்சு."

"அது தெரிஞ்சதுதானே டாக்டர்."

"இருங்க. மூணாவதா ஒண்ணு இருக்கு. விழித்திரையிலேர்ந்து மூளைக்குச் சேதி தூக்கிட்டுப் போற நரம்பு செல்லுங்க இருக்குல்ல, அதுல ரொம்பக் கொஞ்சம் பேரு மட்டும் வெறும் தபால்காரங்க இல்ல. தாங்களே வெளிச்சத்தைப் பிடிப்பாங்க. அதுக்குன்னு தனியா ஒரு நிறமி வெச்சிருக்காங்க. குச்சியும் கூம்பும் செத்தாலும் அவங்க பாட்டுக்கு இருப்பாங்க. உங்களுக்கு இருக்காங்க. இப்ப பார்த்தோமே, கண்மணியச் சுருக்கினது அவங்கதான்."

"அப்ப என் கண்ணு வேலை செய்யுதா?"

"பாக்குற வேலை செய்யல. நேரம் பாக்குற வேலை செய்யுது."

லிப்ட் மெக்கானிக் குறுக்கே வந்தார். "டாக்டர், புரியற மாதிரி."

"இந்த செல்லுங்களுக்குப் படம் காட்டத் தெரியாது. உருவம், முகம், எழுத்து, ஒண்ணும் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் இருக்குன்னு மட்டும் சொல்லும். அதையும் மெதுவாத்தான் சொல்லும். சொல்ல ஆரம்பிச்சா லேசுல நிறுத்தாது. நீல வெளிச்சம்னா அதுக்கு ரொம்பப் பிடிக்கும். மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. இப்ப பகல், இப்ப ராத்திரின்னு அதுக்குச் சாவி குடுக்கிறது இந்த செல்லுங்கதான். ராத்திரி நல்லாத் தூங்குவீங்களா?"

"தலைவலி இல்லேன்னா கட்டையாட்டம் தூங்குவேன்."

"அதான். நோயினால கண்ணையே எடுத்துட்ட சிலருக்குத் தூக்கம் நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போகும். பகல்ல தூக்கம், ராத்திரியில முழிப்புன்னு சுத்திட்டே இருக்கும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. ஆனா இதே செல்லுங்க மூளையில வலி போற பாதையோடயும் பேசும். ஒத்தத் தலைவலி வந்த நேரத்துல வெளிச்சம் பட்டா, அந்த வலிய ஏத்தி விடும். பார்வை இல்லாதவங்ககிட்டயே இதச் சோதிச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்காங்க. நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல."

மருத்துவருக்கு இன்னும் ஆசை தீரவில்லை. இன்னொன்றும் பார்க்கலாமா என்றார். இரண்டு மணியோசை அடிப்பேன், ஒன்று அடிக்கும்போது வெளிச்சம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, எதில் இருந்தது என்று சொல்லுங்கள் என்றார்.

"எனக்குத் தெரியாது டாக்டர். சொன்னா பொய்யாயிடும்."

"பொய்யே சொல்லுங்க. குருட்டாம்போக்குல சொல்லுங்க."

சொல்லிவிட்டு மருத்துவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது மடிப்பக்காதான். அந்த அறையில் அன்று வந்த முதல் சிரிப்பு அது, சூப்பர்வைசர்கூட சிரித்துவிட்டார்.

குருட்டாம்போக்கில்தான் சொன்னாள். வேறு நிறங்கள் காட்டியபோது பூவா தலையா போட்ட மாதிரி சரியும் தப்பும் கலந்து வந்தது. நீலத்துக்கு மட்டும் பெரும்பாலும் சரியாக வந்தது. எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. "சும்மா வாயில வந்தது" என்றாள்.

"ரெண்டு பேருமே பொய் சொல்லல" என்றார் மருத்துவர், பொதுவாக. "வெளிச்சம் பட்டதும் இவங்க அசைஞ்சதை நீங்க பார்த்தது நிஜம். இவங்களுக்குப் பார்வை இல்லேங்கிறதும் நிஜம்."

அப்போதுதான் மடிப்பக்கா அழுதாள். பார்வை வராது என்பதற்காக அல்ல; அது பழைய கணக்கு, தீர்ந்துபோனது. இத்தனை நாளாகத் தனக்குள்ளேயே ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாமல் எனக்குத் தெரிகிறதோ, நான்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனோ என்று. வலித்தது உண்மை, வெளிச்சத்தால் வலித்தது உண்மை என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

தலைவலிக்கு மாத்திரை எழுதினார். வலி வந்த நாளில் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார். மற்ற நாளில் போடவே கூடாது. காலை வெளிச்சம் முகத்தில் நன்றாகப் படட்டும், அதுதான் கடிகாரத்துக்குச் சாவி என்றார். சிலருக்குப் பச்சை வெளிச்சம் அவ்வளவாக வலியைக் கிளப்பாது, வேண்டுமானால் முயன்று பாருங்கள், உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

"காலையில சூரியன் பக்கம் நிக்கணுமா?" என்று கேட்ட லிப்ட் மெக்கானிக் தொடையில் தட்டிக்கொண்டார். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு இதைத்தான் சொல்லியிருக்காங்க! நாமதான் இத்தனை நாளா தப்பா அர்த்தம் பண்ணிட்டோம்."

திரும்பும்போது பஸ்ஸில் சூப்பர்வைசர் அவர்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். பாதி வழி வந்த பிறகு முன்னால் சாய்ந்தார்.

"அம்மா, நான் பண்ணினதுக்கு..."

"நீங்க கேட்டதுல தப்பில்ல சார்" என்றாள் அவள். "கேட்ட விதம்தான் வலிச்சது. திருட்டுத்தனமா லைட்டுப் போடாம, நேரா வந்து கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவள் யோசித்தாள். "தெரியலன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து தெரியலன்னு சொல்லியிருப்போம்."

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் எல்லோரையும் இயந்திரத்துக்கு முன்னால் நிற்க வைத்து, ஆஸ்பத்திரியில் பார்த்ததைத் தன் வாயாலேயே சொன்னார். குச்சி, கூம்பு எல்லாம் கொஞ்சம் முன்பின்னாக வந்தன. தவறு என்னுடையது என்பதை மட்டும் தடுமாறாமல் சொன்னார். தள்ளுவண்டியைக் குறுக்கே வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. மத்தியானம் அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலை யாரோ நிரப்பி வைத்திருந்தார்கள்.

துண்டு அறையின் விளக்கில் பச்சைக் காகிதம் சுற்றுவது என்று முடிவாயிற்று. மெஷினம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, மீன் தொட்டிக்குள்ள துண்டு அடுக்கின மாதிரி இருக்குது" என்றாள். கறை எது, துணி எது என்று தெரியாமல் நான்கு பேர் புலம்பினார்கள். கடைசியில் வலி வந்த நாளில் மட்டும் காகிதம், மற்ற நாளில் வெள்ளை என்று சமாதானம் ஆனது. பச்சையில் வலி போய்விடவில்லை. ஆனால் முன்பு போல முழு இருட்டில் முடங்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்தபடி சின்னத் துண்டுகளையாவது மடிக்க முடிந்தது. மாத்திரையும் சேர்ந்ததில் தலைவலி வருவதே குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. அவளுக்கு அதுவே பெரிய விஷயம்.

மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடட்டுமா என்று சூப்பர்வைசர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள். நல்ல நாட்களில் காலையில் முதல் விரிப்பை உதறும் முன் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டி நிற்பாள். ஒன்றும் தெரியாது. முன்பும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் உள்ளே யாரோ நாலு பேர் எழுந்து உட்கார்ந்து, பொழுது விடிந்துவிட்டது என்று எங்கோ போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். ஆளே இல்லை என்று எழுதிவிட்ட வீட்டில் ஆள் இருப்பது தெரிந்த மாதிரி. அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

சில மாதம் கழித்துக் கண் மருத்துவர் போன் பண்ணினார். அவரிடம் வந்த ஒருவருக்கு இவளுடைய நம்பரைக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுங்கள் என்றாள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அந்த அழைப்பு வந்தது. ஒரு ஆண் குரல். கூச்சம் நிறைந்த குரல். டயர் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறாராம். பார்வை போய் வெகு காலம் ஆகிறதாம்.

"உங்களுக்கும்... வெளிச்சம் வலிக்குமாமே? டாக்டர் சொன்னாங்க."

"வலிக்கும்" என்றாள்.

"எங்க வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. வேலைக்குப் போகாம இருக்கப் போடுற வேஷம்னு சொல்றாங்க. எனக்கே சில சமயம் அப்படித்தானோன்னு தோணுது."

மெஷினம்மா சாப்பிட வரச் சொல்லிக் கையைத் தொட்டாள். மடிப்பக்கா, இதோ வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு, மடித்து வைத்த விரிப்புகளை ஒதுக்கி மேசையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"வேஷம் இல்லங்க" என்றாள். "எந்தப் பக்கம் வலிக்குது, சொல்லுங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்கு இப்ப ஒரு அவசரமும் இல்ல."